பனியில் ஒற்றைச் சுவர்க் கூடாரம்: காரைக்குடியிலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

உத்தரகண்டில் கேதார்கந்தா மலையடி முகாமில் ராத்திரி இரண்டு மணி இருக்கும், மூக்கின்மேல் ஏதோ பொடி விழுந்து விழித்துக்கொண்டேன். டார்ச்சைப் போட்டுப் பார்த்தால் கூடாரத்தின் உட்பக்கம் முழுக்க உப்புப் பூத்த பழஞ்சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று உறைபனி. பக்கத்தில் மச்சான் புரண்டு படுக்கும்போதெல்லாம் அது உதிர்ந்து இரண்டு பேர் மேலும் கொட்டுகிறது, உடம்புச் சூட்டில் உருகுகிறது, ஸ்லீப்பிங் பேக் நசநசவென்று ஆகிறது. வெளியே பனி பெய்யவே இல்லை, வானம் நிறைய நட்சத்திரம். அவ்வளவும் நாங்கள் விட்ட மூச்சு.

குளிருகிறதே என்று எல்லா ஜிப்பையும் இழுத்துச் சாத்தியதுதான் அன்றைக்குச் செய்த தப்பு. அது ஒன்று மட்டுமா, கடையில் தொடங்கி ரயில் வரைக்கும் இன்னும் பத்துத் தப்பு இருக்கிறது. மூன்று குளிர்காலம் போய்வந்தபிறகு இப்போதுதான் ஓரளவுக்குப் பிடிபட்டிருக்கிறது. நம் பக்கத்தில் இதைச் சொல்லித் தர ஆள் கிடையாது, அதனால் எழுதுகிறேன். ஒரு விஷயம்: மலையேற்ற நிறுவனத்தோடு கூட்டமாகப் போனால் கூடாரத்தை அவர்களே போட்டு வைத்திருப்பார்கள், இதில் பாதி உங்களுக்கு வேண்டியதில்லை. சொந்தக் கூடாரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போக நினைக்கிறவர்களுக்குத்தான் இது.

1. முதலில், இது உங்களுக்குத் தேவைதானா?

சாதாரண டென்டுக்கு இரண்டு துணி. உள்ளே மெல்லிய துணி அல்லது வலை, அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு மழை தாங்கும் மேல்துணி. நம் மூச்சில் இருக்கும் ஈரம் உள்துணியைத் தாண்டிப் போய் மேல்துணியில் படியும், நம்மேல் படாது. ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் (கடையில் சிங்கிள் வால் டென்ட் என்று கேட்டால்தான் புரியும்) இருப்பதே ஒரு துணிதான். அதுவே மழையைத் தடுக்க வேண்டும், காற்றைத் தடுக்க வேண்டும், ஈரத்தையும் வெளியே விட வேண்டும். எல்லா வேலையையும் ஒரே ஆள் செய்தால் ஏதாவது ஒன்றில் கோட்டை விடுவான் இல்லையா, இதுவும் அப்படித்தான், ஈரத்தில் கோட்டை விடும்.

பிறகு ஏன் வாங்க வேண்டும்? எடை. இரண்டு பேர் படுக்கும் ஒற்றைச் சுவர்க் கூடாரம் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ சொச்சத்துக்குள் முடிந்துவிடும், அதே உறுதியுள்ள பனிக்கால இரட்டை அடுக்குக் கூடாரம் மூன்று, நான்கு கிலோ வரும். இன்னொன்று, தரையில் பிடிக்கும் இடம் குறைவு. மலைச்சரிவில் பனியை வெட்டி நாலடி அகலத்துக்கு ஒரு திண்ணை மாதிரி எடுத்தால் போதும், உட்கார்ந்துவிடும். நிறைய மாடல்களில் கம்பிகளை உள்ளேயிருந்து மாட்டலாம், காற்றடிக்கும்போது கூடாரத்துக்குள் புகுந்துகொண்டே நிமிர்த்திவிடலாம் என்பது பெரிய சௌகரியம்.

மழைக்கும் ஈரக் குளிருக்கும் இது ஆகாது. கொடைக்கானல், வால்பாறை, மேகமலை என்று சுற்றுவதற்காக இதை வாங்க நினைத்தால் வேண்டாம், காசுக்குக் கேடு. உறைபுள்ளிக்கு நன்றாகக் கீழே போன வறண்ட குளிரில்தான் இந்தத் துணி ஒழுங்காக வேலை செய்யும். உள்ளே வெதுவெதுப்பு, வெளியே வறண்ட குளிர் என்று இருந்தால்தான் ஈரம் துணி வழியாக வெளியே போகும், இரண்டு பக்கமும் ஒரே ஈரமாக இருந்தால் அது எங்கே போகும்?

2. வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

நல்ல கம்பெனிக் கூடாரம் 45,000 ரூபாயிலிருந்து 90,000 வரை போகிறது. பிளாக் டயமண்ட், எம்எஸ்ஆர், ராப், சமயா என்று தேடினால் வரும். எங்களுடையது சிங்கப்பூரிலிருந்து மச்சானின் தம்பி ஊருக்கு வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தது, 52,000 ஆனது. நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், இந்த வழி சுலபம். ஆனால் கொண்டுவருகிறவரிடம் விலைச்சீட்டைக் கட்டாயம் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், சுங்கத்தில் கேட்டால் வாய்க்கணக்குச் செல்லாது.

அப்படிக் கொண்டுவரச் சொல்லும்போது கூடவே செயற்கைக்கோள் போனையோ, ஆபத்தில் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியையோ வாங்கி வரச் சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டில் அது சாதாரணமாகக் கடையில் கிடைக்கும், இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருந்தால் குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

வாடகை என்றால் டேராடூனிலும், கேதார்கந்தா நடை தொடங்கும் ஊரான சங்க்ரியிலும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் இரட்டை அடுக்குக் கூடாரம்தான். முதல் தடவைக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஒருமுறை வாடகைக் கூடாரத்தில் பனியில் படுத்துப் பாருங்கள், இது நமக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்தபிறகு 50,000 ரூபாயை எடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

வாங்கும்போது ஒரு பொறி: "இரண்டு பேர்" என்று போட்டிருந்தாலும் நீளத்தைப் பாருங்கள். உள்நீளம் 210 சென்டிமீட்டர் என்றால் ஆறடி ஆள் படுக்கும்போது ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் சுவரில் முட்டும். முட்டுகிற இடம் விடிவதற்குள் நனைந்துவிடும். நான் ஐந்தடி ஆறங்குலம், தப்பித்தேன். மச்சான் இன்றைக்கும் மூலைவிட்டமாகத்தான் படுக்கிறார்.

3. கூடாரம் மட்டும் போதாது, தரையைக் கவனியுங்கள்

கூடாரத்துக்குக் காசைக் கொட்டிவிட்டுப் படுக்கையில் மிச்சம் பிடிப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது. பனியில் குளிர் மேலேயிருந்து வருவதைவிடக் கீழேயிருந்துதான் அதிகம் ஏறும். காற்றடைக்கும் மெத்தைகளில் ஆர் மதிப்பு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், தரைக் குளிரை மெத்தை எவ்வளவு தடுக்கும் என்கிற அளவு அது, பனிக்குக் குறைந்தது 5 வேண்டும். ஒரே மெத்தையில் வாங்கினால் விலை கூடுதல். 2 மதிப்புள்ள ஃபோம் பாய் ஒன்றை விரித்து அதன்மேல் 3 அல்லது 4 மதிப்புள்ள காற்று மெத்தையைப் போட்டால் இரண்டும் கூட்டிக்கொள்ளும், நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். காற்று மெத்தை ஓட்டையானாலும் ஃபோம் மிச்சம் இருக்கும்.

ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று வெப்பநிலை அச்சிட்டிருக்கும். கடைக்காரர் பெருமையாகக் காட்டுவது கடைசி எண், அதாவது உயிர் தப்பினால் போதும் என்கிற அளவு. நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண், சௌகரியமாகத் தூங்கும் அளவு. எனக்கு விற்றவர் மைனஸ் 15 என்றுதான் விற்றார், அந்த எண் எதைச் சொல்கிறது என்று சங்க்ரியில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

4. தையலுக்குப் பசை பூசுவது

சில ஒற்றைச் சுவர்க் கூடாரங்களில் தையல் ஓட்டைகளை அடைக்காமலே விற்பார்கள், பெட்டிக்குள் ஒரு சின்னப் பசைக்குழாய் மட்டும் இருக்கும். அதை என்னமோ ஏதோ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூடாரத்தை நிமிர்த்தி ஒவ்வொரு தையலிலும் சின்ன பிரஷால் மெல்லிசாகப் பூசி ஒரு நாள் காயவிட வேண்டும். குழாய் இல்லையென்றால் துணி எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள், சிலிக்கான் பூசிய துணியில் சிலிக்கான் பசைதான் ஒட்டும், மற்றது உரிந்து வந்துவிடும். நம் ஊரில் பூசும் வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும், வடக்கே போய் இதைச் செய்ய முடியாது.

5. மொட்டை மாடியில் பத்து முறை

நான் முதலில் வீட்டு வளவில்தான் போட்டேன். அப்பத்தா தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, இம்மாம் பெரிய வீட்டுக்குள்ள எதுக்குடா இன்னொரு வீடு?" என்று கேட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் மாடிக்குப் போனேன்.

பழக வேண்டியது இதுதான். கம்பிகளை ஒன்றோடொன்று செருகும்போது கடைசி வரை உள்ளே போயிற்றா என்று ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். பாதி நுழைந்த நிலையில் வளைத்தால் விளிம்பு பிளந்துவிடும், மலையில் கம்பி பிளந்தால் அன்றைக்கு ராத்திரி அவ்வளவுதான். பிளந்த கம்பிமேல் மாட்டும் பழுதுக் குழாய் ஒன்றும் கொஞ்சம் டேப்பும் எப்போதும் பையில் இருக்கட்டும். வெறுங்கையில் பழகிவிட்டால், அடுத்தது கனமான மோட்டார்பைக் கையுறை மாட்டிக்கொண்டு. அடுத்தது இருட்டில், தலை டார்ச்சோடு. அதற்கப்புறம் பெடஸ்டல் ஃபேனை முழு வேகத்தில் வைத்து. சிரிக்காதீர்கள், துணி காற்றில் படபடக்கும்போது கை என்ன செய்யும் என்று அதில்தான் தெரியும். நான் முதல்முறை எடுத்துக்கொண்டது 25 நிமிஷம், பத்தாவது முறை ஆறு.

ஜிப் இழுக்கும் சின்ன உலோக நாக்கில் இரண்டு அங்குல நூல்கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள், கையுறையோடு பிடிக்க.

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் தெரிந்தவர் தோட்டத்தில் ஜனவரியில் ஓர் இரவு சோதித்துப் பார்த்தோம். உள்ளே தண்ணீர் சொட்டியது, கூடாரமே மோசம் என்று முடிவு கட்டி விற்கப் போனோம். அது கூடாரத்தின் தப்பு இல்லை, ஈரக் குளிரில் எந்த ஒற்றைத் துணியும் அப்படித்தான். கொடைக்கானலில் போடப் பழகுங்கள், ஸ்லீப்பிங் பேக்கைச் சோதியுங்கள். கூடாரத்துக்கு அங்கே மார்க் போடாதீர்கள்.

6. காகிதங்கள்

கேதார்கந்தா உத்தரகண்டில், உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் வனவிலங்குச் சரணாலயப் பகுதிக்குள் இருக்கிறது. 3,800 மீட்டர் உயரம். வன அனுமதி இல்லாமல் போக முடியாது. எங்களுக்குத் தேவைப்பட்டவை: ஆதார் அசல், அதன் நகல் நான்கு, பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு, மருத்துவச் சான்று, கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. வனத்துறைக் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு, கூடாரத்துக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று தனித்தனியாக வரும், ரசீதை நனையாத உறையில் வையுங்கள், மேலே கேட்பார்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் அமர்த்திக்கொள்ளுங்கள், மொழி தெரியாத ஊரில் அனுமதி வேலையைப் பாதி அவரே முடித்துத் தருவார், பனியில் பாதை மறைந்துபோனால் அவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

மருத்துவச் சான்றை எம்பிபிஎஸ் படித்த டாக்டரிடம் வாங்குங்கள், அவருடைய பதிவு எண்ணும் முத்திரையும் தெளிவாக விழ வேண்டும், தேதி கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து நாளுக்குள் இருப்பது நல்லது. நான் இரண்டு மாதம் முன்பே சுறுசுறுப்பாக வாங்கி வைத்தேன், பழையது என்று சொல்லிவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் எடுத்தால் மலையேற்றத்துக்கு எத்தனை மீட்டர் வரை பொருந்தும் என்ற வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

காசாக எடுத்துப் போங்கள். சங்க்ரி போகும் வழியில் புரோலா என்ற ஊரைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது, செல்போன் கோபுரத்தை அதைவிட நம்ப முடியாது.

7. எப்போது, எப்படிப் போவது

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பனி இருக்கும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அதற்கு முன் 120 நாளாக இருந்தது, பழைய ஞாபகத்தில் தேடி ஏமாறாதீர்கள். காரைக்குடியில் விடிகாலை பல்லவனைப் பிடித்தால் மதியம் எழும்பூர், ராத்திரி சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், மூன்றாம் நாள் காலை டெல்லி. அன்றைக்கே டேராடூன். நான்காம் நாள் விடிகாலையில் அங்கிருந்து ஜீப்போ பஸ்ஸோ பிடித்தால் 200 கிலோமீட்டர் சுமார், மலைப்பாதையில் எட்டுப் பத்து மணி நேரம், சாயங்காலம் சங்க்ரி. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் கிடைக்கும் பத்து மணி நேரத்தில் விட்டுப்போனதை எல்லாம் சென்னையில் வாங்கிக்கொள்ளலாம்.

நாங்கள் கண்டுபிடித்த தந்திரம், பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் கிளம்புவது. ஊரே சென்னையிலிருந்து தெற்கே வரும், நாம் எதிர்த்திசையில் காலியாகப் போகலாம்.  பொங்கலன்றைக்கு வீட்டில் இல்லாத பிள்ளை என்று ஒரு பேர் வரும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் அந்த வருஷத்துத் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள், சில வருஷம் ஜனவரியிலேயே வந்துவிடும்.

மொத்தம் 14 நாள் லீவு வையுங்கள். நடை நான்கு நாள்தான், ஆனால் பனி கொட்டினால் சங்க்ரிப் பாதை அடைத்துக்கொள்ளும், அதற்கு இரண்டு நாள் சும்மா இருக்கட்டும். மூன்றாம் ஏசி, ஜீப், வழிகாட்டி, அனுமதி, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கடைசியாகப் போனதில் ஆளுக்கு 21,000 சொச்சம் ஆனது, பொருள்கள் தனி.

கேஸ் டின்னை ஊரிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். விமானத்தில் அறவே கூடாது. ரயிலிலும் தீப்பற்றும் பொருள் கொண்டுபோவது ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் குற்றம், மூன்று வருஷம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. டெல்லியிலோ டேராடூனிலோ வாங்கிக்கொள்ளலாம்.

8. பனியில் இடம் எடுப்பது

முகாமுக்கு வந்ததும் கூடாரத்தை உடனே விரிக்காதீர்கள். கூடாரத்தைவிட ஒரு முழம் அதிக அளவுக்கு பனியைப் பூட்சுக் காலால் மிதித்து மிதித்து இறுக்குங்கள். பிறகு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள், மிதித்த பனி இறுகிக் களிமண் தரை மாதிரி ஆகிவிடும். அவசரப்பட்டால் ராத்திரி உங்கள் இடுப்பு இருந்த இடம் மட்டும் குழியாகி, காலையில் தொட்டிலில் படுத்தவன் மாதிரி எழுந்திருப்பீர்கள். அந்த அரை மணியில் பனியை உருக்கித் தண்ணீர் போடலாம். வழுக்கிச் சரியும் செங்குத்துச் சரிவுக்கு அடியிலும், பனி ஏறிய கிளைக்கு அடியிலும் வேண்டாம். குறுகிய பக்கம் காற்றைப் பார்த்து இருக்க வேண்டும், வாசல் அதற்கு எதிர்ப்பக்கம்.

9. முளைக்குச்சி நிற்காது

கூடாரத்தோடு வரும் மெல்லிசுக் கம்பி முளைகள் தூள்பனியில் பாயசத்தில் குத்திய கரண்டி மாதிரிதான். அதற்குப் பதிலாகத் துணிப்பை எட்டு எடுத்துப் போங்கள், மஞ்சப்பை அளவு போதும், நாங்கள் மொய்க்கு வந்த பைகளைத்தான் எடுத்துப்போனோம். பையில் பனியை நிரப்பி, வாயைக் கட்டி, இழுகயிற்றை நடுவில் சுற்றி, ஓரடி ஆழத்தில் கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். கால் மணியில் இறுகிவிடும், ஆளே தொங்கினாலும் வராது. கயிற்றைப் பையில் முடிச்சுப் போட்டு இறுக்காமல், சும்மா சுற்றிக் கொண்டுவந்து கூடாரத்துப் பக்கம் முடிச்சுப் போடுங்கள். காலையில் பை உறைந்துபோய் வரமாட்டேன் என்றாலும் கயிற்றையாவது உருவிக்கொள்ளலாம், அப்புறம் நிதானமாகத் தோண்டிப் பையை எடுக்கலாம்.

10. காற்றுவழி, மறுபடியும் காற்றுவழி

எதைத் தாண்டிப் படித்தாலும் இதைத் தாண்டாதீர்கள். இரண்டு பேர் ஒரு ராத்திரியில் விடும் மூச்சிலும் வேர்வையிலும் குறைந்தது ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். அது வெளியே போக வழி இல்லையென்றால் சுவரில் பனியாகும், காலையில் உங்கள் மேல் மழையாகும்.

நம் செட்டிநாட்டு வீட்டில் முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேராகத் தெரியும், கதவுகளைத் திறந்துவிட்டால் சித்திரை வெயிலிலும் காற்று ஓடும். ஒரு கதவு மட்டும் திறந்தால் ஓடாது. கூடாரத்துக்கும் அதே கணக்குதான். வாசல் ஜிப்பின் மேல்பக்கத்தை ஒரு சாண் திறந்து வையுங்கள், எதிர்ப்பக்கத்துக் காற்று ஓட்டையையும் முழுக்கத் திறந்து வையுங்கள். வாசலைக் கீழ்ப்பக்கமும் இரண்டு விரல் திறந்துவிட்டால் இன்னும் நல்லது, குளிர்காற்று கீழே நுழைந்து ஈரக்காற்றை மேலே தள்ளும். உள்ளே குளிருமே என்பீர்கள். குளிரும். ஆனால் சாத்தினாலும் ஒரு துணிக் கூடாரம் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் பெரிதாகக் காப்பாற்றப் போவதில்லை, நம்மைக் காப்பாற்றுவது ஸ்லீப்பிங் பேக், அது நனைந்தால் எதுவும் காப்பாற்றாது. இரண்டாம் வருஷம் நான் இப்படித் திறந்து வைத்தபோது மச்சான், "கதவைத் திறந்து போட்டுட்டுப் போத்திக்கிட்டுப் படுக்கிறதுக்கா மாப்ளே 52,000 கொடுத்தோம்?" என்றார். காலையில் அவருடைய பேக் காய்ந்து கிடந்தது, அதற்கப்புறம் ஜிப் அவர் பொறுப்பு.

மூச்சை ஸ்லீப்பிங் பேக்குக்குள் விடாதீர்கள், மூக்கும் வாயும் வெளியே இருக்க வேண்டும். மூக்கு விறைத்தால் மெல்லிய துணியை முகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஈர சாக்ஸை உள்ளே கயிறு கட்டித் தொங்கவிடுவது வேண்டவே வேண்டாம், பிழிந்து வயிற்றோடு வைத்துக்கொண்டால் விடிவதற்குள் ஓரளவு காயும். பனி பெய்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் எழுந்து உள்ளேயிருந்து சுவரைத் தட்டி, வெளியே காற்று ஓட்டை மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது ஈரத்துக்காக மட்டும் இல்லை, பனி மூடிக்கொண்டால் மூச்சு முட்டும். அலாரம் வையுங்கள், தானாக எழுந்துகொள்வேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

11. அடுப்பு வெளியேதான்

இந்தக் கூடாரங்களில் பெரும்பாலும் முன்னறை கிடையாது, அதனால் குளிருக்குப் பயந்து உள்ளேயே அடுப்பைப் பற்ற வைக்கத் தோன்றும். வேண்டாம். துணி நொடியில் பற்றும் என்பது ஒரு பக்கம். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தலைவலி வந்து தூக்கமாகி அப்படியே போய்விடும். வாசலுக்கு வெளியே பனியில் முழங்கால் ஆழக் குழி எடுத்து, சுற்றிப் பனிச்சுவர் கட்டி அங்கே சமையுங்கள், கால் தொங்கவிட்டு உட்கார வசதியாகவும் இருக்கும். அடுப்புக்கு அடியில் சின்னப் பலகைத் துண்டு வையுங்கள், இல்லையென்றால் அது பனியை உருக்கிக்கொண்டே சாய்ந்துவிடும்.

கேஸ் டின்னில் என்ன கலவை என்று படித்து வாங்குங்கள். வெறும் பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே ஆவியாகாமல் படுத்துவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை, புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும், இந்த இரண்டும் கலந்ததுதான் வேண்டும். டின்னை ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் காலையில் முரண்டு பிடிக்காது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள், மேலேயிருந்துதான் உறையும், வாய்ப்பக்கம் அடைக்காது. கைமுறுக்கும் மாவுருண்டையும் இரண்டு டப்பா எடுத்துப் போங்கள். சாக்லேட் கல்லாகிவிடும், கைமுறுக்கு அப்படியே இருக்கும், மாவுருண்டையில் நெய் இறுகிக் கொஞ்சம் பல்லைப் பதம் பார்க்கும், அவ்வளவுதான்.

12. விடிந்ததும்

எழுந்தவுடன் சுவரில் கை, தலை படாமல் உட்காருங்கள். ஒரு சின்ன பெயின்ட் பிரஷும் பாத்திரம் துடைக்கும் ஸ்பாஞ்சும் எங்கள் பையில் நிரந்தரம். வெயில் கூடாரத்தில் விழுவதற்குள் உட்சுவரில் இருக்கும் உறைபனியைப் பிரஷால் தட்டி ஒரு துணியில் பிடித்து வெளியே கொட்டிவிட வேண்டும். வெயில் வந்தபிறகு என்றால் உருகிய தண்ணீரை ஸ்பாஞ்சில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மடிக்கும்போது பதினைந்து நிமிஷமாவது வெயிலில் திருப்பிப் போட்டால் அந்த அளவுக்கு எடை குறையும்.

13. ஊருக்கு வந்ததும்

முதல் வருஷம் ரயிலிலிருந்து இறங்கிய அலுப்பில் ஈரக் கூடாரத்தைப் பையோடு இரண்டாம் கட்டு அறையில் வைத்துவிட்டேன். மே மாதம் எடுத்தால் அடிப்பக்கத் துணி கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த வாடை. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும், தண்ணீர் புகாமல் இருக்கத் துணியில் பூசியிருக்கும் பூச்சு கெட்டுப்போகும், ஒருமுறை போனால் திரும்ப வராது. அதனால் வந்த அன்றைக்கே நிழலில் விரித்து இரண்டு நாள் காயவிடுங்கள், உச்சி வெயிலில் அல்ல, வெயில் துணியை அரிக்கும். சோப்புப்பொடி போட்டுத் துவைக்கக் கூடாது, வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். கூடாரத்தோடு வந்த இறுக்கமான பையில் திணிக்காமல் பழைய தலையணை உறை ஒன்றில் லேசாகப் போட்டு, பீரோவில் மேல்தட்டில் வையுங்கள், எலி ஏறாத இடமாக. எங்கள் வீட்டில் அப்பத்தா அதை ஊறுகாய் ஜாடி இருக்கும் அலமாரிக்கு இரண்டு முறை மாற்றிவிட்டது, உப்புக்காற்று ஆகாது என்று சொல்லி மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.